மீனவர் பிள்ளைக்குத் தனி இடம்

மச்சான்,

யாராலும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன் என்று, படூர் பஸ் ஷெட்டில் நிற்கும் எட்டாம் நம்பர் காலேஜ் பஸ்ஸின் ஸ்டியரிங் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். சிரிக்காதே. இதுவரைக்கும் நான் அளந்த கதைகளுக்கெல்லாம் ஒரே ஒரு குறைதான், அவற்றை நம்பவும் ஒருத்தன் இருந்தான். இந்தக் கதைக்கு அந்தக் குறையும் இல்லை. நீதான் போய்விட்டாயே.

எழுத உட்கார்ந்தது உன் தொப்பியால். நேற்றுக் காலை டூட்டிக்குப் போகிற வழியில் கயல் வண்டியை நிறுத்தி, அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு காலத்தில் நீலமாக இருந்தது. உப்பும் வெயிலும் தின்றது போக மிச்சமிருப்பதை என்ன நிறம் என்று சொல்ல உலகத்தில் இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை. முன்னால் கயல் படித்த பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் முத்திரை, பாதி நூல் பிரிந்து கிடக்கிறது. உள்ளே மூக்கை வைத்தேன். டீசல், வஞ்சிரம், உன் தேங்காயெண்ணெய் மூன்றும் ஒன்றாக வந்தன. ஷெட்டில் ஆள் இருந்ததால், தூசி விழுந்த மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

"அப்பாவுக்கு இத ஆரு குடுத்தாங்கன்னு தெரியுமா மாமா?" என்று கேட்டாள்.

"தெரியாம இன்னா? அங்க கடையில வாங்கிகினு வந்தாரு. உலகத்திலயே பெரிய தொப்பிக் கடை. ஒம்போது மாடி."

அவள் சிரிக்கவில்லை. பிறகு சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் ஆரம்பித்தது. கயல் வாங்கிய மார்க்குக்கு இங்கே மருத்துவ இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் படிப்பு என்று ஏஜென்ட்டுகள் கூட்டம் போட்டிருந்தார்கள். 'நமக்கு அந்த ஏசி ரூம்ல இன்னா தெரியும், நீ போய்ட்டு வா மச்சான்' என்று என்னை அனுப்பினாய். உனக்குத் தெரிந்தவர்களில் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ளவன் நான் ஒருவன்தானே. ஒரு தனியார் கல்லூரிக்குப் பஸ் ஓட்டுகிறவன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். போக்குவரத்துத் துறையின் தலைவர் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, நாலு சமோசாவைக் கௌரவமாகச் சாப்பிட்டேன். மேடையில் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகம் எப்படித் தோன்றி எப்படி வளர்ந்தது என்று முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். எனக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள். ஒன்று டைஃபூன், அதாவது புயல், இன்னொன்று அட்மிஷன். நடுவில் கிடந்த பள்ளத்தை நானே மண் போட்டு நிரப்பினேன்.

அன்று சாயங்காலம் நீ கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாய். நண்டு மாட்டிக் கிழித்த வலைக்கண்களைத் தைத்தபடியே கேட்டாய். "இன்னா மச்சான், நல்ல எடமா? பொண்ண கடல் தாண்டி அனுப்பறதுன்னா சும்மாவா? அங்க நமக்கு ஆரு கீறாங்க?"

உன் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. கஜா புயலே வந்தாலும் போட்டே கவுந்தாலும் 'பாத்துக்கலாம்' என்கிறவன் நீ. அந்த நடுக்கத்தைக் கேட்டதும் என் நாக்கு தானாக எழுந்துவிட்டது.

"ஆரு இல்ல? அந்த யூனிவர்சிட்டியே நம்ம ஆளு கட்னது."

"தமிழனா?"

"அதுக்கும் மேல. மீன் புடிக்கிறவன்."

ஊசி நின்றது. அப்புறம் என்னை யார் பிடிப்பது? பிலிப்பைன்ஸில் ஒரு மீனவன் இருந்தான், ஏழாயிரம் தீவுக்கும் அவன் ஒருத்தன்தான் மீனவன், ஒரு நாள் வலையை இழுத்தால் மூன்று சுறாவும் ஒரு வாத்தியாரும் வந்தார்கள் என்றேன். கப்பல் உடைந்து மிதந்துகொண்டிருந்த வாத்தியார். கரையில் இறக்கிவிட்டால் ஓடிவிடுவார் என்று மீனவன் அவரைப் படகிலேயே உட்காரவைத்து, தன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சொன்னான். அக்கம்பக்கத்துப் படகுகள் பாடம் கேட்க வந்து ஒட்டிக்கொண்டன. படகோடு படகைக் கட்டினார்கள், நூறு படகு ஆயிற்று. அலை ஏறினால் வகுப்பு, இறங்கினால் லீவு. அப்போதுதான் அந்த டைஃபூன் வந்தது. நூறு படகையும் அலாக்காகத் தூக்கிக் கரையில் போட்டது. எது எங்கே விழுந்ததோ அது அங்கே ஒரு துறை. நேராக நின்றது மருத்துவம், தலைகுப்புற விழுந்தது சட்டம். சாகும்போது அந்த மீனவன் உயில் எழுதினான்: கடலை நம்பிப் பிழைக்கிறவன் பிள்ளை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் தனி இடம் உண்டு, மார்க் கேட்கக் கூடாது.

நீ சுறாவைப் பார்த்துச் சிரித்தாய், படகுகளைப் பார்த்துச் சிரித்தாய். உயில் வந்தபோது சிரிக்கவில்லை. "தனி எடமா? நெஜமா?" என்றாய்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம்.

"நெஜம் மச்சான். ஓட்டல்ல குடுத்த நோட்டீஸ்லயே போட்டுகீது," என்றேன்.

உன்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கரையில் எவனும் மீன் கிடைத்த இடத்தை உண்மையாகச் சொல்ல மாட்டான். கோவளத்துக்கு நேரே கிடைத்திருந்தால் சதுரங்கப்பட்டினத்தைக் காட்டுவான். அது பொய்யில் சேராது, தொழில். நீ ஒருவன்தான் கேட்டவனுக்கு இடத்தை அப்படியே சொல்வாய். மறுநாள் எட்டு போட் அங்கே போய் நிற்கும். உன்னைக் கட்டிய என் தங்கச்சி தலையில் அடித்துக்கொள்வாள். "மீனு இன்னா நம்ம வூட்டு மீனா? போய் அள்ளட்டும்" என்பாய். அதனால் உன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால், ஊர் அதை எடை போடாமல் எடுத்துக்கொள்ளும்.

கயலை அனுப்புவதற்கு முன்னால், வழக்கப்படி அம்மன் கோயில் எதிரே ஊர்க்கூட்டத்தில் சேதி சொன்னாய். சுறாவையும் வாத்தியாரையும் விட்டுவிட்டாய். "அங்க மீனவர் புள்ளைங்களுக்குத் தனி எடம் கீதாம்," என்று ஒரே வரி. கயல் கையில் அட்மிஷன் தாள் இருந்தது, எல்லாரும் நம்பினார்கள். அவளுக்கு மற்ற பிள்ளைகளைப் போலத்தான் இடம் கிடைத்தது என்பதை யார் போய் விசாரிப்பார்கள்? அவளும் அந்த ஒரு வரியைக் கேட்கவில்லை, அப்போது பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தாள்.

அவள் அங்கே படித்த காலத்தில் அந்தப் பல்கலைக்கழகம் நிஜத்தில் எவ்வளவு வளர்ந்ததோ தெரியாது, என் வாயில் பிரமாதமாக வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு இறால் தொக்குக்கு ஒரு கட்டடம் என்று கட்டிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரிக்குள் ரயில் விட்டேன். நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து வர இரண்டு நாள் சோறு கட்டிக்கொண்டு போகணும் என்றேன். நீ தட்டில் இன்னொரு கரண்டி போட்டு, "சொல்லு மச்சான், சொல்லு" என்பாய். பெண் தூரத்தில் இருக்கிற வீட்டில் அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். தொக்கும் நன்றாக இருந்தது.

கயல் படிப்பு முடியப்போகிற நேரத்தில்தான் ஏழுமலை வந்தான். உன் பக்கத்து வீட்டுக்காரன், உன்னோடு ஒரே போட்டில் போகிறவன். அவன் மகள் பவானிக்குச் செங்கல்பட்டில் நர்ஸிங் இடம் கிடைத்திருந்தது. "கயல் மாதிரி எம்பொண்ணும் டாக்டர் ஆவட்டுமே. நீதான் தனி எடம் கீதுன்னியே. பட்டம் வாங்கறதுக்குப் போறப்போ பவானிக்கும் கேட்டுகினு வா," என்று உன்னிடம் சொன்னான். நர்ஸிங் இடத்தை விட்டுவிட்டான்.

நான் அன்றைக்கு உன் வீட்டில்தான் இருந்தேன். "அதெல்லாம் வெசாரிச்சிட்டு விடணும் ஏழுமலை," என்று ஏதோ முனகினேன். "நீங்கதான் சொன்னீங்களாமே, உயிலே கீதுன்னு," என்று அவன் என் காலைத் தொடாத குறையாகச் சிரித்தான். நான் பேச்சை வெயில் பக்கம் திருப்பினேன்.

நீ விமானம் ஏறினாய். வெள்ளை வேட்டி, கயல் அனுப்பிய ஷூ, பையில் நெத்திலிக் கருவாடு. அந்தப் பத்து நாளும் நான் வண்டி ஓட்டிய லட்சணத்தைப் பார்த்து, பஸ்ஸில் இருந்த பிள்ளைகளெல்லாம் கடவுள் நம்பிக்கைக்குத் திரும்பினார்கள்.

அங்கே நடந்ததை நேற்றுத்தான் கேட்டேன்.

பட்டமளிப்புக்கு முதல் நாள், 'ஆபீஸுக்குக் கூட்டிகினு போ' என்று கயலிடம் சொன்னாயாம். எதற்கு என்று சொல்லவில்லையாம். அங்கே வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், கோயிலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஷூவைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நின்று, "மீனவர் புள்ளைங்களுக்கு ஒங்க முதலாளி எழுதி வெச்ச எடத்துல, எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணுக்கு ஒரு எடம் வேணும்னு சொல்லும்மா," என்றாயாம். கயலுக்கு எதுவும் புரியவில்லை. "என்னப்பா எடம்? ஆரு எழுதி வெச்சது?" நீ எல்லாவற்றையும் சொன்னாய். மீனவன், உயில், நோட்டீஸ். சொல்லச் சொல்ல அவளுக்கு விளங்கிவிட்டதாம், இது எந்த ஆலையில் அரைத்த மாவு என்று. 'அப்பா, வா போலாம்' என்றிருக்கிறாள். "நீ கேளு. ஏழுமல நர்ஸிங் எடத்த உட்டுட்டுகீறான்," என்றாயாம்.

அவள் கேட்டாள். மாமன் சொன்ன பொய்யை, பட்டம் வாங்கப் போகிற டாக்டர், வார்த்தை வார்த்தையாக இங்கிலீஷாக்கித் தன் காலேஜ் ஆபீஸிலேயே கேட்டாள்.

அந்த அம்மா சிரித்தார், ஆனால் ஏளனமாக இல்லை என்றாள் கயல். நாற்காலி போட்டு உன்னை உட்கார வைத்து, நிஜமான கதையைச் சொல்லியிருக்கிறார். கட்டியவர்கள் ஒரு கணவன் மனைவி, இரண்டு பேரும் பள்ளி வாத்தியார்கள். போர் முடிந்து ஊரே இடிந்து கிடந்த நேரம். ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து, பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் டைப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சு இல்லாததால் படிக்க வந்தவர்கள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு முக்காலி கொண்டு வருவார்களாம். பிறகு பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி. ஒரு புயலில் கூரை மொத்தமும் பறந்துபோய், மறுநாள் குடை பிடித்துக்கொண்டு வகுப்பு நடந்திருக்கிறது, அந்தப் படம் சுவரில் இருக்கிறதாம். நர்ஸிங் வந்தது, சொந்த ஆஸ்பத்திரி வந்தது, பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது. மருத்துவம் எல்லாவற்றுக்கும் கடைசியில். அதற்குப் பிறகுதான் கயல் மாதிரி வெளிநாட்டுப் பிள்ளைகள்.

மச்சான், இரண்டு வாத்தியார்கள் வாழ்நாளெல்லாம் பட்ட பாட்டை எடுத்து ஒரு சுறாவுக்குப் போட்டுவிட்டேனே நான். அந்த முக்காலிகளைப் பற்றிக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ, "ரொம்ப கஷ்டப்பட்டுத்தான் கட்டிகீறாங்க," என்றாயாம். எழுந்து கும்பிட்டாயாம். 'தனி இடம் இல்லை, இதையாவது வைத்துக்கொள்ளுங்கள்' என்று அந்த அம்மா தன் மேஜையிலிருந்து எடுத்துத் தந்ததுதான் இந்தத் தொப்பி. வெளியே வந்ததும் கயல் என்னைத் திட்ட வாயெடுத்தாள். "மாமாவ ஒண்ணும் கேக்காத. அவன் அன்னிக்கி அப்டி சொல்லாங்காட்டி நான் உன்ன அனுப்பியிருக்க மாட்டேன்," என்று அடக்கிவிட்டாயாம். அதனால்தான் அவள் உன் காலம் முடிகிற வரைக்கும் என்னிடம் மூச்சு விடவில்லை.

நீ திரும்பி வந்தாய். என்னைப் பார்த்து, "மீனவன் ஆரும் இல்ல மச்சான். வாத்தியாருங்க," என்று மட்டும் சொன்னாய். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

நேரே ஏழுமலை வீட்டுக்குப் போய்ச் சொன்னாய். அதற்குள் செங்கல்பட்டு இடம் வேறு பெண்ணுக்குப் போயிருந்தது. பவானிக்கு ஒரு வருஷம் போயிற்று. ஏழுமலையின் அண்ணன் தம்பிகள் விடவில்லை, கூட்டம் கூட்டினார்கள்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஊர்க்கூட்டத்தில் ஒரு சேதியை எவன் வாயால் சொன்னானோ அது அவனுடைய சேதி. எங்கே கேட்டான் என்பது கணக்கில்லை. அது பொய்யாகி ஒரு குடும்பம் கெட்டுப்போனால், சொன்னவன் அம்மனுக்கு எதிரே ஊர் காலில் விழ வேண்டும். குடிப்பவனும் திருடியவனும் விழுந்து நான் பார்த்திருக்கிறேன். உன்னை அந்த இடத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நானும் போயிருந்தேன். ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு போட்டின் நிழலில் உட்கார்ந்தேன். படூருக்குக் குடிபோனவன், ஊருக்கு வரி கட்டாதவன், கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. இதைத்தான் அன்றிலிருந்து தங்கச்சியிடமும் கயலிடமும் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். எனக்குப் பேச உரிமை இருந்திருந்தால் அந்தக் கடற்கரையே கிடுகிடுத்திருக்கும் என்று.

ஊர்த் தலைவர் கேட்டார். "இன்னாபா, நீ சொன்ன சேதிதானா இது?"

"நான் சொன்னதுதான்."

"பொய்யா அது?"

"பொய்தான். நான் வெசாரிக்காம சொல்லிட்டேன். பொண்ணுக்கு ஒரு வருசம் பூட்ச்சி."

துண்டை இடுப்பில் கட்டினாய். உச்சி வெயில், மணல் கொதித்தது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாய். எட்டு போட்டுக்கு இடம் காட்டிய உடம்பு. பவானிதான் ஓடி வந்தாள். "எழுந்திரு பெரிப்பா, எனக்கு ஒண்ணும் ஆவல, எழுந்திரு," என்று தோளைப் பிடித்து இழுத்தாள். ஏழுமலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். உன் மார்பில், கன்னத்தில், மீசையில் மணல்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் உனக்குப் பின்னால் வந்தேன். நீ நின்று என்னைப் பக்கத்தில் வரவிட்டாய். "ஆனா ஒண்ணு மச்சான். புயல மட்டும் கரெக்டா சொன்ன. நெஜமாவே கூர பறந்துச்சாம். படத்துல பாத்தேன்," என்று சிரித்தாய். எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அந்தப் பொய்க்குப்பையைக் கிளறி ஒரு நிஜத்தை எடுத்துக் கொடுத்தாய். நான் அதற்கும் சிரித்தேன் என்று இன்றைக்கு நினைத்தால், இந்தப் பஸ்ஸின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பவானி மறு வருஷம் நர்ஸிங்கில் சேர்ந்தாள், அதே செங்கல்பட்டில். வழியில் பார்த்தால் "வாங்க மாமா, சாப்ட்டீங்களா?" என்று முறையாகத்தான் கேட்கிறாள். அறைந்தால்கூடத் தேவலை. கயல், வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் இங்கே எழுத வேண்டிய பரீட்சையை இரண்டாம் முறையில் முடித்து, திருக்கழுக்குன்றத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உட்காருகிறாள். மழை நாளில் உன்னைக் கொண்டுபோன அந்த நெஞ்சு வலி வந்தபோது அவள்தான் கூட இருந்தாள். உனக்கு அது போதும் என்று நினைத்திருப்பாய். நீ எதற்கும் போதும் என்கிறவன்.

பஸ்ஸில் புதுப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். "அண்ணா, நம்ம காலேஜ் எப்டி ஆரம்பிச்சாங்க?" என்று ஒருத்தி போன வாரம் கேட்டாள். நாக்கு நுனியில் ஒரு யானை, இரண்டு ராஜா, ஒரு புதையல் எல்லாம் தயாராக நின்றன. "தெரியாதும்மா, ஆபீஸ்ல கேளு," என்றேன். கண்ணாடியில் பார்த்தேன், அவள் ஏமாந்த மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். 'தெரியாது' என்ற இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயசாக வேண்டியிருந்தது.

இனி அந்த நம்ப முடியாத விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரையில் ஓர் ஊரே கூடியிருந்த இடத்தில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்றால், என்னைத் தெரிந்தவன் எவன் நம்புவான்? உரிமை இல்லை, வழக்கம் இல்லை, வரி கட்டவில்லை என்று அதற்கு நான் கட்டிய கதையைத்தான் நம்பினார்கள். ஏழாயிரம் தீவு, மூன்று சுறா, ஒன்பது மாடித் தொப்பிக் கடை, அதோடு சேர்த்து அதையும் தள்ளிவிடு மச்சான். நீ அங்கே நின்றவன், உனக்குத் தெரியும். நீ விழுவதற்கு முன்னால் தலைவர் வழக்கத்தை மீறி ஒரு கேள்வி கேட்டார். "உனுக்கு ஆருப்பா சொன்னது?" கேட்டுவிட்டு அவர் உன்னைப் பார்க்கவில்லை. போட்டின் நிழலில் இருந்த என்னைப் பார்த்தார். நீ மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஊர் மொத்தமும் எனக்காகக் காத்திருந்தது. கொஞ்ச நேரம்தான். அது மட்டும் நிஜம்.